பதினாறு வெள்ளியும் பதினொரு வெள்ளியும்



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. கோட்டை கட்டியவர், கொடி நாட்டியவர், கடல் கடந்து புது நாடு கண்டவர் ஆகியோரின் கதைகளை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். சாப்பாட்டுப் படியில் ஐந்து வெள்ளி குறைந்தது ஏன் என்று கேட்ட ஒரு மாணவியின் கதையும் வரலாறுதான். அந்த மாணவியின் பெயர் கேரல் ஹட்சின்ஸ். அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்களின் மென்பந்துக் குழுவுக்குத் தலைமைப் பயிற்றுநராக அவர் 39 விளையாட்டுப் பருவங்கள் பணியாற்றினார். அவரது பணி வாழ்வையும், அந்த வாழ்வுக்கு வழி திறந்த ஒரு சட்டத்தையும் இன்று நாம் பார்ப்போம்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள். சாப்ட்பால் எனப்படும் மென்பந்து, நம் பள்ளித் திடல்களில் பிள்ளைகள் ஆடும் ரவுண்டர்ஸ் விளையாட்டின் உறவுக்காரர் என்று சொல்லலாம். மட்டையால் பந்தை அடித்துவிட்டு, தளம் தளமாக ஓடி, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். ஒரு பக்கத்திற்கு ஒன்பது பேர். தளங்களுக்கு இடையே 60 அடி. மொத்தம் ஏழு ஆட்டச்சுற்றுகள். பந்தின் சுற்றளவு சுமார் 12 அங்குலம். பெயரில்தான் மென்மை உண்டு; இன்று ஆடப்படும் பந்து கையில் பட்டால் வலிக்கும். பந்து வீசுபவர் கையை ஒரு முழு வட்டமாகச் சுழற்றி, இடுப்புக்குக் கீழிருந்து வீச வேண்டும். கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் அவர் 43 அடி தொலைவில் நிற்கிறார். தேர்ந்த வீராங்கனையின் கையிலிருந்து பந்து மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறந்து வரும். அடிப்பவர் கண் இமைத்தால் பந்து தாண்டிவிடும்.

இந்த விளையாட்டு 1887-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், சிக்காகோ நகரிலுள்ள ஒரு படகுக் கழகத்தின் கூடத்திற்குள் பிறந்தது. யாரோ எறிந்த குத்துச்சண்டைக் கையுறையை இன்னொருவர் கோலால் அடிக்க, அதைக் கண்ட ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அதற்கு விதிகள் வகுத்தார். குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஆட வேண்டும் என்பதற்காகத் தோன்றிய விளையாட்டு, பின்னர் வெளித்திடலுக்கு வந்தது. ஆலைத் தொழிலாளர்களிடையிலும் பெண்களிடையிலும் பரவியது. கல்லூரிப் பெண்களுக்கான தேசியப் போட்டி 1969-ஆம் ஆண்டில் ஒமாஹா நகரில் தொடங்கியது.

இனிக் கேரல் ஹட்சின்சிடம் வருவோம். அவர் 1957-ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தின் தலைநகரான லான்சிங்கில் பிறந்தார். அது மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அக்காலத்தில் அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் விளையாட்டு என்றால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளின் விளையாட்டுதான். பெண் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிய பணமும் சொற்பம், திடலும் சொற்பம். 1971-72 பள்ளியாண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டுக் குழுக்களில் சேர்ந்திருந்த பெண் பிள்ளைகள் மூன்று லட்சத்திற்கும் குறைவு.

அந்த நிலையை மாற்றிய சட்டம் 1972-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் கையெழுத்தானது. கல்விச் சட்டத் திருத்தங்களின் ஒன்பதாம் பிரிவு என்பது அதன் பெயர். அதன் உயிர்நாடியான வாக்கியம் ஆங்கிலத்தில் 37 சொற்களே. கூட்டரசின் பணம் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும், ஆண் என்றோ பெண் என்றோ பார்த்து ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பதே அதன் பொருள். அந்த வாக்கியத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனால் பள்ளித் திடலும் கல்வியின் ஒரு பகுதிதானே? ஆகவே சட்டத்தின் கை திடல் வரைக்கும் நீண்டது.

இந்தச் சட்டத்திற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவரைத் தோட்டப்புற மக்களாகிய நாம் சிறப்பாக அறிந்துகொள்ள வேண்டும். அவர் பேட்சி மிங்க் என்னும் அம்மையார். 1927-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியில் பிறந்தவர். ஜப்பானிலிருந்து பிழைப்புத் தேடி அங்கே குடியேறியவர்களின் பேத்தி. கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவர். மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டார். ஒரு கல்லூரியும் அவருக்கு இடம் தரவில்லை. மனம் தளராமல் சட்டம் படித்தார். 1964-ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று, அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்குள் நுழைந்தார். வெள்ளையரல்லாத பெண்களில் அங்கே முதலில் அமர்ந்தவர் அவரே. எடித் கிரீன், பர்ச் பே ஆகிய உறுப்பினர்களோடு சேர்ந்து அவர் இந்தச் சட்டத்தை நிறைவேற்றப் பாடுபட்டார். 2002-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், அந்தச் சட்டத்திற்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. தோட்டத்துச் சூழலில் வளர்ந்த ஒரு பெண், தமக்கு அடைக்கப்பட்ட கதவைப் பிறர் பெண்களுக்குத் திறந்து வைத்தார்.

சட்டம் வந்தபோது கேரல் ஹட்சின்சுக்கு வயது பதினைந்து. சில ஆண்டுகளில் அவர் தம் ஊருக்கு அருகிலேயே உள்ள மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே மென்பந்தும் ஆடினார், கூடைப்பந்தும் ஆடினார். அவர் இடம்பெற்ற மென்பந்துக் குழு 1976-ஆம் ஆண்டில் ஒமாஹாவில் நடந்த தேசியப் போட்டியில் வாகை சூடியது. நாட்டிலேயே சிறந்த குழு என்று பெயர் வாங்கிய பிறகும், பெண்களுக்குக் கிடைத்த வசதி ஆண்களுக்குக் கிடைத்ததற்கு ஈடாகவில்லை.

கூடைப்பந்தில் அந்த வேறுபாடு அப்பட்டமாகத் தெரிந்தது. அதே பல்கலைக்கழகத்தின் ஆண்கள் குழுவில் அப்போது ஆடியவர் மேஜிக் ஜான்சன். உலகமே அறிந்த ஆட்டக்காரர். 1979-ஆம் ஆண்டில் அந்தக் குழு தேசியக் கிண்ணத்தை வென்றது. வெளியூர் ஆட்டத்திற்குப் போகும்போது ஆண்களுக்கு நாளொன்றுக்குச் சாப்பாட்டுப் படி பதினாறு அமெரிக்க வெள்ளி. பெண்களுக்குப் பதினொரு வெள்ளி. ஆண்கள் அறைக்கு இருவராகப் படுத்தார்கள். பெண்கள் அறைக்கு நால்வராகப் படுத்தார்கள். ஒரே பல்கலைக்கழகம், ஒரே விளையாட்டு, ஒரே பசி. படி மட்டும் இரண்டு.

ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது நம் பாட்டிமார் காலத்துத் தோட்டங்கள் நன்கு அறிந்த வழக்கம். ஆகவே அந்த ஐந்து வெள்ளியின் பொருளை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பணத்தின் அளவு சிறிதாக இருக்கலாம். 'உன் உழைப்புக்கு மதிப்பு குறைவு' என்று அது நாள்தோறும் சொல்லிக்கொண்டே இருக்கும்.

சட்டம் 1972-இலேயே வந்துவிட்டதே, ஏன் இந்த வேறுபாடு நீடித்தது என்று நேயர்கள் கேட்கலாம். சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகள் 1975-ஆம் ஆண்டில்தான் வந்தன. விளையாட்டுத் துறையைச் சீர்செய்துகொள்ளக் கல்லூரிகளுக்கு 1978-ஆம் ஆண்டு ஜூலை வரை தவணை கொடுக்கப்பட்டது. தவணை முடிந்தது. படி மாறவில்லை. அப்போதுதான் அந்தப் பெண்கள் கூடைப்பந்துக் குழுவினர் ஒன்றுசேர்ந்து தங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். வழக்கின் பெயரில் முன்னால் நின்றது ஹட்சின்சின் பெயர். படிப்பும் தேர்வும் முடியாத நிலையில், தமக்குப் பட்டம் தரவேண்டிய நிறுவனத்தை எதிர்த்து ஒரு மாணவி நீதிமன்றப் படி ஏறுவது எளிதான செயலா?

1979-ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிபதி நோயல் பாக்ஸ், பெண்களுக்கும் ஆண்களுக்கும் படியிலும் தங்குமிடத்திலும் வேறுபாடு காட்டக் கூடாது என்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தார். வழக்கு அத்தோடு முடிந்துவிடவில்லை. ஹட்சின்ஸ் பட்டம் பெற்றுச் சென்ற பின்னரும் அது ஆண்டுக்கணக்கில் நீண்டது. இதற்கிடையே 1984-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், கூட்டரசுப் பணத்தை நேராகப் பெறும் பிரிவுக்கு மட்டுமே அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. விளையாட்டுத் துறைகளில் பல அதன் பிடியிலிருந்து நழுவின. 1988-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றி, பழைய வீச்சை மீட்டுக் கொடுத்தது. உரிமை என்பது ஒருமுறை எழுதி வைத்தால் என்றும் அப்படியே இருந்துவிடுவதில்லை. கவனிப்பாரற்றுப் போனால் அது சுருங்கிவிடும் என்பதற்கு இந்த நான்கு ஆண்டுகள் சான்று.

ஹட்சின்ஸ் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியில் மேற்பட்டம் பெற்றார். 1982-ஆம் ஆண்டில் பெரிஸ் மாநிலக் கல்லூரியில் ஒரு பருவம் தலைமைப் பயிற்றுநராக இருந்தார். அடுத்த ஆண்டில் ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்றுநராகச் சேர்ந்தார். தாம் படித்த மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் இதுவும் வேறு வேறு. விளையாட்டில் பரம்பரைப் போட்டியாளர்களும்கூட. இரண்டு ஆண்டு துணைப் பணிக்குப் பின், 1985-ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து அவரே தலைமைப் பயிற்றுநர். அதன்பின் 38 பருவங்கள் அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

தலைமைப் பயிற்றுநரின் வேலை என்ன? ஆட்டத்தன்று திடலின் ஓரத்தில் நின்று சைகை காட்டுவது அதில் ஒரு சிறு பகுதிதான். உயர்நிலைப் பள்ளிகளில் திறமையுள்ள பெண்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் பெற்றோரிடம் பேசி நம்பிக்கை ஊட்ட வேண்டும். பயிற்சியும் உணவும் பயணமும் ஒழுங்காக நடக்கச் செய்ய வேண்டும். பிள்ளைகள் படிப்பில் பின்தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கு ஆண்டுகள் பாடுபட்டு ஒரு வீராங்கனையை ஆளாக்கி முடிக்கும்போது அவர் பட்டம் பெற்றுப் போய்விடுவார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாற்றங்காலை ஆண்டுதோறும் புதிதாகப் போடும் உழவரின் வேலை அது.

ஹட்சின்சுக்கு இன்னொரு தடையும் இருந்தது. அது வானிலை. மிச்சிகன் வட மாநிலம். மென்பந்துப் பருவம் பிப்ரவரியில் தொடங்கும்போது அங்கே திடல் பனியில் மூடிக் கிடக்கும். குழுவினர் கூரைக்கு அடியில் பயிற்சி செய்துவிட்டு, முதல் சில வாரங்கள் வெயில் உள்ள தென், மேற்கு மாநிலங்களுக்குப் பயணம் செய்து பிறர் திடலில் ஆட வேண்டும். கலிபோர்னியா, அரிசோனா போன்ற மாநிலங்களிலோ ஆண்டு முழுவதும் வெளியில் ஆடலாம். 1982-ஆம் ஆண்டில் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்கள் மென்பந்துப் போட்டியை நடத்தத் தொடங்கிய நாளிலிருந்து, கிண்ணத்தை வென்றவை எல்லாம் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே உள்ள கல்லூரிகளே. அந்த ஆறு அமெரிக்காவை வடக்குத் தெற்காகப் பிளந்து ஓடுகிறது. அதற்குக் கிழக்கே உள்ளவர்களால் வெல்ல முடியாது என்ற எண்ணம் ஊறிப் போயிருந்தது.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஹட்சின்ஸ் அந்த அம்மியை நகர்த்தப் பத்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டார், தேசிய இறுதிக் கட்டத்தை எட்டுவதற்கு மட்டும். 1995-ஆம் ஆண்டில்தான் அவர் குழு முதன்முறையாக ஓக்லஹோமா நகரில் நடக்கும் கல்லூரி உலகத் தொடருக்குத் தகுதி பெற்றது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பல முறை போனார்கள். ஒவ்வொரு முறையும் கிண்ணமில்லாமல் திரும்பினார்கள். இன்னும் பத்து ஆண்டுகள் உருண்டன.

2005-ஆம் ஆண்டு ஜூன் மாதம். இறுதிப் போட்டியில் மிச்சிகனை எதிர்த்து நின்றது கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. குழு. முந்தைய இரண்டு ஆண்டுகளும் கிண்ணத்தை வென்ற குழு அது. மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்பவருக்கே வாகை என்ற முறை அந்த ஆண்டில்தான் அறிமுகமாயிற்று. முதல் ஆட்டத்தில் மிச்சிகன் ஓர் ஓட்டமும் எடுக்காமல் 5-0 என்று தோற்றது. இரண்டாவது ஆட்டத்தில் எழுந்து நின்று 5-2 என்று வென்றது. மூன்றாவது ஆட்டம் ஏழு சுற்றுகள் முடிந்தும் 1-1 என்று சமநிலையில் நின்றது. எட்டு, ஒன்பது என்று நீண்டது. பத்தாவது சுற்றில், தளங்களில் இருவர் காத்து நிற்க, சமந்தா பிண்ட்லே என்ற முதலாண்டு மாணவி பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார். மூன்று ஓட்டங்கள். ஜென்னி ரிட்டர் பந்து வீசி எதிரணியை அடக்க, மிச்சிகன் 4-1 என்று வென்றது. மிசிசிப்பிக்குக் கிழக்கே கிண்ணம் போனது அதுவே முதல் முறை. 1985-இல் பொறுப்பேற்றவருக்கு 2005-இல் கிடைத்த கனி அது. இடையில் இருபது ஆண்டுகள்.

அதன்பின் இன்னொரு முறை கிண்ணத்திற்கு மிக அருகில் வந்தார். 2015-ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் புளோரிடாவிடம் மூன்றாவது ஆட்டத்தில் தோற்றார். ஆக, உலகத் தொடருக்கு 12 முறை குழுவை அழைத்துச் சென்றவர் கிண்ணம் வென்றது ஒரே முறை. இதைக் கொண்டு அவரை அளந்தால் தவறிப்போவோம். மிச்சிகனில் அவர் பணியாற்றிய 38 பருவங்களில் ஒன்றில்கூடத் தோல்விகள் வெற்றிகளை மிஞ்சவில்லை. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அரிசோனாவின் புகழ்பெற்ற பயிற்றுநர் மைக் கேண்ட்ரியா வைத்திருந்த 1,674 வெற்றிகள் என்ற எண்ணை அவர் தாண்டினார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 1,707 வெற்றிகள். கல்லூரி மென்பந்தின் முதல் நிலைப் பிரிவில் அதுவரை வேறு எவரும் எட்டாத எண்.

நேயர்களே, இந்தக் கதைக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. சட்டத்தால் பெண்கள் விளையாட்டு வளர்ந்தது உண்மை. 2018-19 பள்ளியாண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டில் ஈடுபட்ட பெண் பிள்ளைகள் 34 லட்சத்தைத் தொட்டார்கள். ஆனால் 1972-இல் கல்லூரிப் பெண்கள் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்றுநர்களாக இருந்தார்கள். பெண்கள் குழுவுக்குப் பணமும் மதிப்பும் வந்ததும், முன்பு அந்த வேலையை ஏறிட்டும் பார்க்காத ஆண்கள் விண்ணப்பிக்கத் தொடங்கினார்கள். ஹட்சின்ஸ் ஓய்வு பெறும் காலத்தில் பெண் பயிற்றுநர்களின் பங்கு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஆடும் பெண்கள் பெருகினார்கள். வழிநடத்தும் பெண்களின் பங்கு குறைந்தது. இதைப் பற்றி ஹட்சின்ஸ் வெளிப்படையாகவே பேசிவந்தார்.

பேசியதோடு நிற்கவில்லை. அவரிடம் ஆட்டம் கற்றுப் பின்னர் நீண்ட காலம் துணைப் பயிற்றுநராகவும் இருந்த பான்னி தோல் என்ற பெண்மணியே அவர் விட்ட இடத்தில் தலைமைப் பயிற்றுநரானார். நாற்காலியை விட்டு எழும்போது அதில் அமரத் தகுந்த ஒருவரை வளர்த்துவிட்டுத்தான் அவர் எழுந்தார்.

மேஜிக் ஜான்சனின் பெயரை நம்மில் பலர் கேட்டிருப்போம். அதே ஆண்டுகளில், அதே பல்கலைக்கழகத்தில், பதினொரு வெள்ளிப் படியில் ஆடிய பெண்களைக் கேள்விப்பட்டவர் சிலரே. அவர்கள் கேட்ட ஐந்து வெள்ளி அவர்கள் கைக்கு வந்து செலவாகி எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். அதற்குப் பின்னால் வந்த பெண்கள், தமக்கும் ஆண்களுக்கும் ஒரே படி என்பதை இயல்பான செய்தியாக எண்ணித் திடலுக்குப் போனார்கள்.

நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும் ஒரு திடல் உண்டு. மாலையில் மகன் பந்தாடப் போகும் நேரத்தில் மகள் எங்கே இருக்கிறாள்? தம்பியைப் பார்த்துக்கொள்கிறாளா, தண்ணீர் பிடித்து வைக்கிறாளா? அந்த வேலைகளை அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொண்டால், மகளுக்கும் அரை மணி நேரம் மிஞ்சும். இதற்குச் சட்டமும் வேண்டாம், நீதிமன்றமும் வேண்டாம். இன்று மாலையே நம் வீட்டில் நாமே தொடங்கலாம்.